குதிகால் தரையில் படும்வரை

என் மகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே நுனிக்காலில்தான் நடந்தாள். முதலில் எல்லோருக்கும் அது அழகாகத் தெரிந்தது. "டான்ஸ்காரி மாதிரி நடக்குது பாரு" என்று தெருவே கொஞ்சியது. நான் மட்டும் அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று வயது தாண்டியது, நான்கும் தாண்டியது, குதிகால் தரைக்கு வருவதாக இல்லை. செருப்பு வாங்கிக் கொடுத்தால் முன்பக்கம் தேய்ந்து ஓட்டையாகிவிடும். பின்பக்கம் கடையில் வாங்கியபோது இருந்த மாதிரியே பளபளவென்று இருக்கும். அந்தச் செருப்புகளைத் தூக்கிப் போடவும் மனம் வரவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை.

எனக்கு எங்கேயும் இருப்புக்கொள்ளாது. பிறவிக் குணம். சாப்பிடும்போதுகூட ஒரு காலை ஆட்டிக்கொண்டே இருப்பேன். கள்ளக்குறிச்சியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுவதும் நின்றபடி, மெஷினுக்கும் கல்லாவுக்கும் நடந்தபடி இருக்கலாம் என்பதால்தான் அந்த வேலையில் ஒட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் லாரி ஓட்டுகிறார். மணிக்கணக்கில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக்கூடிய மனிதருக்கு நான் வாய்த்தது வேடிக்கைதான். "உனுக்கு கால்ல சக்கரம், புள்ளைக்கு கால்ல ஸ்பிரிங்கு" என்பார். சிரிக்க முடியாத விஷயத்துக்கும் சிரிக்க வைக்கப் பார்ப்பார். அதனாலேயே எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

தீபாவளி முடிந்த வாரம், அரசு ஆஸ்பத்திரிக்கு மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். உட்காரச் சொன்ன இடத்தில் உட்காராமல் வராந்தாவை அளந்துகொண்டிருந்தேன். தெரபி பார்க்கும் மேடம் என்னைவிடச் சின்னப் பெண். மகளைப் படுக்கவைத்து, பாதத்தைப் பிடித்து மேலே மடக்கிப் பார்த்தார். அது பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

"கெண்டைச் சதை இறுகிப் போயிருக்கும்மா. இப்பவே இழுத்து விட்டா சரியாயிடும். பொங்கல் கழிச்சு வாங்க, பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரணும். மாவுக்கட்டு போடுவாங்க. அதுலயும் வரலைன்னா ஆபரேஷன் பத்தி டாக்டர் சொல்லுவார்."

ஆபரேஷன் என்ற சொல்லுக்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் ஏறவில்லை. அதைக் கவனித்துவிட்டார் போலிருக்கிறது. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, எழுந்து, சட்டென்று தரையில் இரண்டு கையையும் ஊன்றினார். இடுப்பு மேலே, தலை கீழே. அப்படியே பெஞ்சுகளுக்கு நடுவே தொம் தொம் என்று நடந்தார்.

"இது கரடி. நாலு வயசுக் குழந்தைகிட்ட எக்சர்சைஸ்னு சொன்னா ஓடிடும். மிருகம்னு சொன்னா கூட வரும்."

மகள் கைகொட்டிச் சிரித்தாள். கரடிக்குப் பிறகு தவளை, அதற்குப் பிறகு பென்குயின். தவளை என்றால் குதிகாலை ஊன்றிக் குந்தி உட்கார்ந்து தாவுவது. பென்குயின் என்றால் விரல்களைத் தூக்கிக்கொண்டு குதிகாலாலேயே நடப்பது. ஆனால் எல்லாவற்றிலும் முக்கியம் கரடிதான் என்றார். முட்டி மடங்கக் கூடாது, உள்ளங்கை தரையில் பதிய வேண்டும், குதிகாலைத் தரைக்குத் தள்ள வேண்டும்.

"உங்க விரலைக் குதிகாலுக்கு அடியில விட்டுப் பாருங்க. விரல் நுழையாத அன்னிக்கு நாம ஜெயிச்சோம். இன்னொண்ணு, திட்டாதீங்க. பயந்தா சதை இன்னும் இறுகும்."

என்னைப் பார்த்த மாத்திரத்தில் அதை எப்படிக் கண்டுபிடித்தாரோ.

வீட்டில் முதல் நாள் எல்லாம் நன்றாகத்தான் போனது. இரண்டாம் நாள் முதல் தொல்லை ஆரம்பித்தது. தவளை ஒரே ஒரு தாவல் தாவிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டது. பென்குயின் எப்படி இருக்கும் என்று கேட்டாள், செல்போனில் காட்டினேன், அதோடு செல்போன் என் கைக்குத் திரும்பி வரவில்லை. கரடியோ முட்டியை மடக்கிக்கொண்டு, குதிகாலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நடந்தது.

"முட்டி! முட்டிய மடக்காத! குதிகாலு, குதிகாலு!"

"கரடிக்கு எதுக்குமா குதிகாலு?"

"நட."

"கரடி எங்க தூங்கும்? கரடி இன்னா துன்னும்?"

நானே கரடியாக மாறிப் பார்த்தேன். நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடத்திலிருந்து சமையலறை வரை நாலு காலில் போனேன். என் முட்டி விறைப்பாக நின்றது. என் குதிகால் சமத்தாகத் தரையில் பட்டது. யாருக்கு வேண்டும் என் குதிகால்? திரும்பிப் பார்த்தால் மகள் கட்டில் மேல் நுனிக்காலில் நின்றுகொண்டு எனக்குக் கைதட்டிக்கொண்டிருந்தாள். திட்டக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பல்லைக் கடித்ததே அவளுக்குத் தெரிந்துவிட்டது. முகம் சுருங்கி, கால் விறைத்துக்கொண்டது.

காலையில் அவள் பால் குடிக்க நிற்கும்போது சத்தமில்லாமல் குனிந்து குதிகாலுக்கு அடியில் விரலை விட்டுப் பார்ப்பேன். எலி போகிற அளவுக்கு இடம் இருக்கும். அதன் பிறகு அன்று முழுவதும் எனக்கு எந்த வேலையும் ஓடாது. ஒரு பக்கத்தை இரண்டு தடவை ஜெராக்ஸ் எடுப்பேன். வக்கீல் குமாஸ்தாக்கள் முணுமுணுப்பார்கள்.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் இரண்டாவது குழந்தைப் பேச்சை எடுத்தார். அவருடைய அக்காவும் அப்போது கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். எனக்கு எரிச்சல் தலைக்கேறியது.

"இவ குதிகாலு தரையில படட்டும். அதுவரிக்கும் இந்த வூட்ல யாரும் இந்தப் பேச்ச எடுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருடைய அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையில் எதுவும் முடிந்துபோனதாகத் தெரியவில்லை.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்கோடியில் மாவு மில் வைத்திருக்கிறார். இரண்டு மகன்களும் திருப்பூரில் இருக்கிறார்கள். அங்கன்வாடி விட்டதும் என் மகள் நேராக மில்லுக்குப் போய்விடுவாள். சாயங்காலம் நான் வந்து கூட்டிக்கொண்டு போவேன். அந்த மில்லின் தரை எப்போதும் வெள்ளை. எவ்வளவு கூட்டினாலும் அடுத்த டின் அரைப்பதற்குள் மறுபடி மாவு படிந்துவிடும். வருகிறவர் போகிறவர் செருப்புத் தடத்துக்கு நடுவே என் மகளின் காலடி மட்டும் தனியாகத் தெரியும். ஐந்து விரலும் அதற்குக் கீழே கொஞ்சம் சதையும். அவ்வளவுதான். குருவி நடந்துபோன மாதிரி இருக்கும். அதைப் பார்க்கக் கூடாது என்றே அண்ணாந்து பெல்ட்டைப் பார்த்துக்கொண்டு உள்ளே போவேன்.

கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மலைக்கு வா, புள்ளைக்கு மிருகத்த நேர்ல காட்டலாம்" என்றார் என் வீட்டுக்காரர். லாரி கேபினில் மகள் நடுவில், நான் ஜன்னலோரம். கொண்டை ஊசி வளைவுகளில் லாரி முனகிக்கொண்டு ஏறியது. நான் கரடி வருமா என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"கரடி உனுக்காக ரோட்டுல வந்து நிக்குமா? அது உள்காட்ல கீது. கொரங்கப் பாரு போதும்."

வெள்ளிமலைக்கு இந்தப் பக்கம், கிழங்கு ஏற்றும் இடத்தில் லாரி நின்றது. சாலையோரச் சுவரில் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. ஒரு தாய்க் குரங்கு, வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு, நாலு காலும் பதிய எங்களைத் தாண்டி நடந்தது. மகள் வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். பிறகு யாரும் சொல்லாமலேயே இறங்கி, மண்ணில் கை ஊன்றி, குனிந்து, தன் இரண்டு கால்களுக்கு நடுவே தலையை விட்டுக் குரங்கைப் பார்த்தாள். தலைகீழாகத் தெரிந்த குரங்கு அவளுக்குச் சிரிப்பாக வந்தது. அப்படியே நின்று சிரித்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. ஓடிப்போய் மண்டியிட்டு விரலை விட்டேன். நுழைந்தது. ஆனால் முன்பு போல் தாராளமாக இல்லை என்று தோன்றியது. எனக்கே நம்பிக்கையில்லை.

கிழங்கு மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஊசியை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். "யம்மா, பாப்பா குனிஞ்சி கால் சந்துல பாக்குது பாரு. வூட்டுக்குப் புதுசா ஆளு வரப்போவுது."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்வதுதான். நடக்கிற குழந்தை தானாகக் குனிந்து கால் இடுக்கில் பின்னால் பார்த்தால் விருந்தாளி வருவார்கள்; பெற்றவள் இளவயதுக்காரியாக இருந்தால், தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்பார்கள். நான் சிரித்துவிட்டு மகளின் கையிலிருந்த மண்ணைத் தட்டினேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. அன்று திரும்பி வரும் வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டே லாரி ஓட்டினார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அக்காவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

மறுநாள் நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது அண்ணி எங்கிருந்தோ ஓடிவந்து பிடுங்கினார். அடுத்த நாள் பேரீச்சம்பழம் வந்தது. அதற்கு அடுத்து ஒரு மடி நிறைய புளியங்காய். ஒரு நாள் நான் பப்பாளி நறுக்கி ஒரு துண்டை வாயருகே கொண்டுபோனேன். மாசமாக இருக்கிறவள் தொடக்கூடாத பழம் என்று எங்கள் ஊரில் அதற்குப் பெயர். அண்ணி தட்டையே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

"அண்ணி, எனுக்கு ஒண்ணுமில்ல."

"இல்லன்னா இன்னா? புள்ள பாத்துடுச்சி. இனிமே வராம எங்க போவும்?"

"அது தெரபி மேடம் சொல்லிக் குடுத்த கரடி நடை. நான்தான் செய்யச் சொன்னேன்."

"நீ சொன்னா செய்யுதா அது?"

அவர் சொன்னது உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது.

தெருவுக்கும் செய்தி பரவிவிட்டது. குழாயடியில் என் வயிற்றைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு நெருப்பின்மேல் நிற்கிற மாதிரி இருந்தது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருக்கிறது, என் பிள்ளை காலை அறுப்பார்களா மாட்டார்களா என்று நான் செத்துக்கொண்டிருக்கிறேன், இவர்கள் வராத பிள்ளைக்கு வளையல் பார்க்கிறார்கள். இன்னொரு பயமும் இருந்தது. இன்னொன்று வந்துவிட்டால் இந்தக் காலை யார் பார்ப்பார்கள்? என் பொறுமையே ஒரு பிள்ளைக்குப் போதவில்லை.

மகள் வேறு இப்போது வீட்டில் கரடியே ஆவதில்லை. "கரடி இன்னிக்கு முடிஞ்சி போச்சி" என்பாள்.

"எங்க முடிஞ்சிச்சி? இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

"மில்லுல முடிஞ்சிச்சி."

நாலு வயதில் இப்படிப் பொய் சொல்கிறதே என்று நினைத்தேன். காலையில் விரலை விட்டுப் பார்ப்பதையும் நிறுத்திவிட்டேன். பார்க்கப் பார்க்கப் பயம்தான் கூடியது.

மார்கழி முடிகிற சமயம், எங்கள் தெருப் பெண் ஒருத்தி ஆதார் ஜெராக்ஸ் எடுக்கக் கடைக்கு வந்தாள். கார்டை நீட்டிக்கொண்டே கண்ணைச் சிமிட்டினாள்.

"இன்னா, சேதி எப்போ சொல்லுவ? உன் நாத்தனாரு தெனமும் பாப்பாவ குனிய வெச்சி தம்பிய வரவெச்சிக்கினு கீறாங்களே."

"இன்னா சொல்ற?"

"அய்ய, உனுக்குத் தெரியாதா? தேன் முட்டாயி குடுத்து, 'நல்லா பாரு, தம்பி தெரியிறானா பாரு'ன்னு. மில்லுக்கு வர்றவங்க எல்லாம் நின்னு வேடிக்க பாக்குறாங்க."

அவளுடைய ஆதார் கார்டு மெஷினுக்குள்ளேயே இருந்தது. நான் கடையை விட்டு இறங்கிவிட்டேன். முதலாளி கூப்பிட்டது கேட்டது, திரும்பவில்லை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, ஷேர் ஆட்டோக்காரர் கேட்டும் ஏறாமல், வேகுவேகென்று நடந்தேன். ஆட்டோவில் உட்கார்ந்திருந்தால் வெடித்திருப்பேன். வழி நெடுக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டே போனேன். என் பிள்ளை உங்களுக்குச் சோழி உருட்டுகிற பலகையா என்று ஒன்று. ஊர் வேடிக்கை பார்க்கக் குனிய வைக்க அது என்ன குரங்கா என்று ஒன்று. இனிமேல் என் பிள்ளை இந்த மில் வாசலை மிதிக்காது என்பதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டேன்.

மில்லுக்குள் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கேழ்வரகு டின்னோடு இரண்டு பேர் காத்திருந்தார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. என் மகள் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மாவுத் தரையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். இடுப்பு மேலே. அவளுக்கு அந்தப் பக்கம் அண்ணி, புருவமெல்லாம் வெள்ளையாக, கையில் தேன் மிட்டாயோடு குந்தியிருந்தார்.

"இன்னும் நல்லா பாரு, கண்ணு. அவன் வெக்கப்பட்டுக்கினு உள்ள ஒளிஞ்சினு கீறான். இன்னும் உள்ள தலைய வுடு. ஆங், அப்படித்தான். யாரு வர்றா, சொல்லு?"

மகள் தலையை இன்னும் உள்ளே விட்டாள். முட்டி விறைத்து நிமிர்ந்தது. இடுப்பு பின்னால் போனது. வாசலில் நின்ற நான் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்தேன்.

"அம்மா வருது," என்றாள். "கோவமா வருது."

அண்ணி நிமிர்ந்தார். முகத்தில் மாவுக்கு மேல் ஒரு வெளுப்பு ஏறியது. மெஷினை நிறுத்தினார். திடீரென்று வந்த அமைதியில் கேழ்வரகுக்காரர்கள் இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வைய வந்தியா? வைய்யி. என்ன வைய்யி, புள்ளைய ஒண்ணும் சொல்லாத. அது கேட்ட முட்டாயிக்கு நான்தான்..."

எனக்கு அவர் பேசியது காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. நான் மகளின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏந்திரிக்காத," என்றேன். "அப்படியே இரு, கண்ணு. அப்படியே இரு. தம்பிய பாரு."

புடவையோடு மாவில் மண்டியிட்டேன். சுட்டுவிரலை அவள் வலது குதிகாலுக்கு அடியில் கொண்டுபோனேன். நகம் குதிகாலில் முட்டியது. நுழையவில்லை. வேறு பக்கமிருந்து முயன்றேன். நுழையவில்லை. இடது காலில் பார்த்தேன். அங்கும் வழியில்லை. குதிகால் இரண்டும் மாவில் அழுந்தி உட்கார்ந்திருந்தன.

வீட்டில் நான் கத்தின கத்தலுக்கெல்லாம் இறங்காத குதிகால், இல்லாத ஒரு தம்பியைப் பார்க்கத் தலையை நீட்டியதில் தானாக இறங்கியிருக்கிறது. எத்தனை நாளாக இறங்கியதோ. எனக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாகிவிட்டது.

"அம்மா, நீயும் கரடியா?" என்று கால் இடுக்கிலிருந்து கேட்டாள் மகள். அப்போதுதான் பார்த்தேன், நானும் நாலு காலில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

அவள் எழுந்து மிட்டாய்க்காக அத்தையிடம் ஓடினாள். தரையில் தடம் விழுந்தது. ஒன்று முழுப் பாதம். அடுத்தது பழையபடி விரல் மட்டும். அதற்கடுத்தது மறுபடி முழுப் பாதம், குதிகால் உருண்டையாக, கோகுலாஷ்டமிக்கு வாசலில் போடுகிற பாதம் மாதிரி. எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் பொங்கல் கழித்து அந்த மேடத்தின் முன்னால் நான் பயப்படாமல் நிற்பேன். அது போதும் என்று இருந்தது.

"அண்ணி, இங்க பாருங்க. குதிகாலு."

அண்ணி குனிந்து பார்த்தார். அவருக்கு முதலில் புரியவில்லை. அவர் இத்தனை நாளும் பார்த்தது மகளின் தலையை மட்டும்தான். பிறகு புரிந்தது. மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பட்டுடுச்சா?"

"பட்டுடுச்சி."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் அன்று கூடத்தில் போட்ட கட்டளை அவருக்கு மறந்திருக்காது. ஆனாலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மகளின் கையில் மிட்டாயை வைத்துவிட்டு, மெஷினைப் போடத் திரும்பினார். "எம்மா நேரந்தான் நிக்கிறது, அரைச்சிக் குடும்மா" என்று கேழ்வரகுக்காரர்களில் ஒருவர் சலித்துக்கொண்டார்.

நான் எழுந்திருக்கவில்லை. மாவில் அப்படியே காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன். கால் ஆடவில்லை. பெல்ட் சுழலத் தொடங்கியது, மாவு மறுபடி எல்லோர் மேலும் படிந்தது. சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அண்ணி! வூட்ல ஒரு பப்பாளி கீது. ராத்திரி வந்து எடுத்துக்கினு போயிடுங்க."